டிரங்குப் பெட்டியில் ஒரு நகரம்

கொல்கத்தாவைப் படம் எடுப்பது சுலபம். விமானத்தில் வந்து இறங்கும் புகைப்படக்காரருக்கு மூன்று நாள் போதும். கைரிக்‌ஷா, ஹவுரா பாலம், நடைபாதையில் தூங்கும் குடும்பம், முழங்கால் மழைநீரில் மிதக்கும் மஞ்சள் டாக்ஸி. வெளியுலகம் பார்த்திருக்கும் கல்கத்தா பெரும்பாலும் இவ்வளவுதான். ரகுபீர் சிங் 1988-லும் ரகு ராய் 1989-லும் இந்த நகரத்தைப் பற்றி ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்தார்கள். இருவரும் மூன்று நாள் ஆசாமிகள் அல்ல, பெரிய கலைஞர்கள். ஆனாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். வந்தவர் என்றைக்காவது கிளம்பிப் போக வேண்டும். போகிறவர் கையில் நல்ல படம் இருந்தாக வேண்டும்.

எங்கேயும் கிளம்பிப் போகாத ஒரு புகைப்படக்காரரைப் பற்றித்தான் இந்த வாரம். தெற்கு கொல்கத்தாவில், நம் ஊர்க்காரர்கள் காப்பிப்பொடியும் கறிவேப்பிலையும் வாங்கும் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் 'தாதா'. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். பம்பாய் சினிமா கெடுத்த எத்தனையோ வார்த்தைகளில் இதுவும் ஒன்று. 1971-லிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். கண்காட்சி எதுவும் வைத்ததில்லை. பத்திரிகையில் அவர் படம் வந்ததில்லை. அனுப்பினால்தானே வரும்?

முதல் கேமரா, பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் த்ரீ. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகமான கறுப்புப் பெட்டி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். ஃபிலிம் நம் ஊட்டியிலிருந்து வந்தது. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் 'இந்து' ஃபிலிம் நாடு முழுக்க ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் புழங்கியது. அந்தத் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. "மாதத்துக்கு இரண்டு சுருள்தான் கட்டுப்படியாகும். அப்படியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு படம்" என்கிறார் தாதா. ஆறு படத்துக்காக ஐந்து மணி நேரம் நடந்த மனிதர் எதைப் பார்த்திருப்பார், எதை வேண்டாம் என்று விட்டிருப்பார்? அவரோடு சில ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த பிறகுதான் அது ஓரளவு பிடிபட்டது.

அவர் இடம் தேடுவதில்லை. போன இடத்துக்கே போகிறார்.

ஹவுரா பாலத்தின் கிழக்குக் காலடியில் இருக்கிறது மல்லிக் காட் பூச்சந்தை. விடியும்போது ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சாமந்திச் சரங்களைக் கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொண்டு சுமைக்காரர்கள் ஓடுவார்கள். இப்போதெல்லாம் அங்கே பூக்காரர்களுக்குச் சமமாகக் கேமராக்காரர்கள் நிற்கிறார்கள். சில சுமைக்காரர்களுக்கு எந்தக் கோணத்தில் திரும்பினால் முகத்தில் வெளிச்சம் விழும் என்பது அத்துப்படி, காசும் கேட்கிறார்கள். கேட்டால் என்ன தப்பு? தாதா அந்தக் கூட்டத்தைத் தாண்டி, படிக்கட்டோரம் தாமரை மொட்டு விற்கும் ஒரு கிழவியிடம் போய் உட்கார்ந்தார். அவளிடம் மூன்று படங்கள் இருக்கின்றன. முதல் படத்தில் கல்யாணமான புதிது. இரண்டாவதில் மடியில் பேரன். மூன்றாவது போன வருஷம் எடுத்தது. மூன்றும் தாதா எடுத்து, பிரதி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவை. அவளைப் படம் எடுத்தவர்கள் பல நூறு பேர் இருக்கலாம். படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் இவர் ஒருவர்தான் என்கிறாள்.

அந்தப் பாலத்தின் மேல் நின்று படம் எடுக்க நெடுங்காலமாகத் தடை. 1943-ல், யுத்த காலத்தில் திறந்த பாலம். யுத்தம் முடிந்த பின்னும் எச்சரிக்கை போகவில்லை. உலகத்தில் அதிகம் படமான பாலங்களில் ஒன்றைப் படம் எடுக்கக் கூடாது என்று போலீஸ்காரர் விரட்டுவது நம் நாட்டுக்கே உரிய வேடிக்கை. தாதாவுக்கு அதில் கோபம் கிடையாது. "பாலம் எங்கேயும் போகாது. அதன் மேல் நடக்கிறவர்கள்தான் போய்விடுவார்கள்" என்று கேமராவைக் கீழ்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

அவருடைய விதிகள் கொஞ்சம்தான். தூங்குகிறவர்களை எடுப்பதில்லை. அழுகிறவர்களை எடுப்பதில்லை. காளிகாட் பக்கம் பிச்சைக்காரர்களை எடுப்பதே இல்லை. இந்த மூன்றையும் கழித்துவிட்டால் வெளிநாட்டுப் புத்தகங்களின் கல்கத்தாவில் பாதிப் பக்கங்கள் காலியாகிவிடும். மிச்சம் இருப்பதைத்தான் தாதா எடுத்திருக்கிறார். மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும் விதவைகள். தெருக்குழாயில் சோப்பு நுரையோடு நின்று அரசியல் பேசும் ஆண்கள். வீட்டு வாசலில் 'ரோயாக்' என்னும் திண்ணை. நம்முடைய திண்ணைக்கு நேர் தம்பி. தெருவைப் பார்த்துப் பூசிய சிமென்ட் மேடை. வங்காளிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அட்டா, அதாவது வேலையற்ற பேச்சு, நடந்தது முக்கால்வாசி அங்கேதான். பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது முதலில் காணாமல் போவது இந்த மேடை. அந்த இடத்தில் கார் நிற்கிறது. தாதாவிடம் ஒரே திண்ணையின் படம் வருஷத்துக்கு ஒன்றாகப் பதினேழு இருக்கின்றன. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசிப் படத்தில் ஒரு நாய் மட்டும் இருக்கிறது.

சுரங்க ரயிலும் அப்படித்தான். 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1984 அக்டோபரில் முதல் ரயில் ஓடியது. நாட்டின் முதல் மெட்ரோ என்ற பெருமையை எல்லோரும் படம் எடுத்தார்கள். நடுவில் பன்னிரண்டு வருஷம் சௌரங்கி பக்கம் வெறும் பள்ளமும் பலகையும் சேறுமாகக் கிடந்ததைத் தாதா எடுத்திருக்கிறார். பலகைப் பாலத்தில் ஒரு கையில் செருப்பும் மறு கையில் கோப்புமாக ஆபீசுக்குப் போகிறவர்கள். அன்றைக்கு இதை யாரிடமாவது காட்டியிருந்தால் 'பள்ளத்தைப் போய் எடுப்பானேன்?' என்றுதான் கேட்டிருப்பார்கள்.

இப்போது டிராமுக்கு வருவோம். 1873-ல் குதிரை இழுத்தது. 1902-ல் மின்சாரம் வந்தது. 2024 செப்டம்பரில், மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையில் ஒரு பாரம்பரிய ஓட்டம் தவிர மற்றத் தடங்களை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. உடனே ஊரே கேமராவும் செல்போனுமாக டிராமின் முகத்துக்கு எதிரே நின்றது. ஆயிரக்கணக்கில் படங்கள், எல்லாம் ஒரே படம். தாதா கிளம்பவில்லை. அவரிடம் உள்ளே எடுத்தவை இருந்தன. முன்பெட்டி முதல் வகுப்பு, அங்கே மின்விசிறி உண்டு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு, விசிறி கிடையாது. டிக்கெட்டில் சில பைசா வித்தியாசம். அந்தச் சில பைசாவுக்காகப் பின்பெட்டியில் ஏறி, ஜன்னலில் தலைசாய்த்து வந்த பள்ளிக்கூட வாத்தியார்கள், மீன்கூடைக்காரிகள், தோல்பையில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டு நடக்கும் கண்டக்டர். இப்படி ஒரு வகுப்புப் பிரிவினை இருந்தது என்பதே இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. முகத்துக்கு எதிரே நின்று எடுத்த படத்தில் அது தெரியவும் தெரியாது.

மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியூர். வெளியூர் என்றால் ஹவுராவில் உள்ளூர் ரயில் ஏறி, ஹூக்ளி நதியோரமாக வடக்கே ஒரு மணி நேரம். 1854 ஆகஸ்டில் கிழக்கிந்தியாவின் முதல் ரயில் ஓடிய அதே பாதை. நதிக்கரை நெடுக ஐரோப்பியர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிடித்துவைத்திருந்தார்கள். தமிழனுக்கு இந்த ரயிலில் சொந்த ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. ஸ்ரீராம்பூரில் இறங்கினால் டென்மார்க். நம் தரங்கம்பாடியும் இந்த ஊரும் டேனிஷ்காரர்களிடமிருந்து 1845-ல் ஒரே கிரயத்தில் ஆங்கிலேயர் கைக்கு வந்தவை. இன்னும் கொஞ்சம் தூரம் போனால் சந்தன்நகர், பிரான்ஸ். துய்ப்ளே பாண்டிச்சேரிக்கு கவர்னராக வருவதற்கு முன் இங்கேதான் நிர்வாகம் செய்தார். 1950-ல் இந்த ஊர் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது, பாண்டிச்சேரிக்கு நான்கு வருஷம் முன்பாக. நதியைப் பார்த்த அதன் கடற்கரைச் சாலையில் (நதிக்கரைதான்; ஆனால் பாண்டிச்சேரியைப் பார்த்தவனுக்கு அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது) ஞாயிறு காலையில் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார்கள்.

ஸ்ரீராம்பூரின் செயின்ட் ஒலாவ் தேவாலயத்தைச் செப்பனிட்டு, அதற்கு 2016-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பார்க்க வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். நல்ல விஷயம். தாதா அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டு, ரிஷ்ரா பக்கம் சணல் ஆலை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855-ல் தொடங்கியது ரிஷ்ராவில்தான். இந்தக் கரையில் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் ஆயிரம் சைக்கிள்கள் ஒரே நேரத்தில் வெளியே பாயும் படம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அந்த வாசலில் இப்போது பூட்டும் ஆலமரக் கன்றும். தேவாலயத்தைப் பாதுகாக்க டென்மார்க்கிலிருந்துகூட அக்கறை வருகிறது. சைக்கிள்காரர்களின் அடையாளம் என்று மிஞ்சுவது ஒரு நெகடிவ்.

அந்த நெகடிவ்தான் பிரச்சினை.

எல்லாம் தாதாவின் வீட்டு மாடியறையில் ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. ஒவ்வொரு சுருளும் ஒரு உறையில்; உறை மேல் தேதி, தெரு, நேரம், சில சமயம் டிராம் எண். பெட்டியைத் திறந்தால் புளித்த காடி வாசனை மூக்கைத் துளைக்கிறது. பழைய அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வரும் வாசனை அது. ஒன்றில் ஆரம்பித்தால் பக்கத்து ஃபிலிமும் சீக்கிரம் கெடும். நடந்த சேதத்தைத் திருப்ப முடியாது. குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். கொல்கத்தாவில் ஈரமில்லாத இடத்துக்கு எங்கே போவது? அது போதாதென்று அந்த வீடும் புரமோட்டர் கைக்குப் போகிறது. பூஜைக்குள் காலி செய்ய வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன் பாசமாகத்தான் சொல்கிறான்: "சிறந்த நூறு படத்தை எடுத்துக் கொடுங்கள் அப்பா, ஸ்கேன் பண்ணிப் புத்தகம் போட்டுவிடலாம்."

சிறந்த நூறு. மகனின் யோசனையில் தப்பில்லை, ஆனால் அதில் பதினேழு திண்ணைகள் வராது. அவற்றில் எதுவும் 'சிறந்த' படம் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் திண்ணையில் நாலு பேர், அவ்வளவுதான்.

இந்த நகரம் புகைப்படத்துக்குப் புதிது அல்ல. வங்காளப் புகைப்படச் சங்கம் 1856-லேயே ஆரம்பமானது. அதில் இருந்த அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா, அவுரித் தோட்ட வெள்ளைக்காரர்களைக் கண்டித்துப் பேசிய குற்றத்துக்காக மறு வருஷமே வெளியேற்றப்பட்டது தனிக் கதை. எஸ்பிளனேடு பக்கம் இருந்த போர்ன் அண்ட் ஷெப்பர்ட் 1860களில் பிறந்த ஸ்டூடியோ. 1991 பிப்ரவரி தீவிபத்தில் அதன் பழைய சேகரம் பெரும்பாலும் அழிந்தது. 2016-ல் கடையையே மூடினார்கள். அவ்வளவு பெரிய பேர் உள்ள ஸ்டூடியோவுக்கே அந்தக் கதி. சத்யஜித் ராயைக் கால் நூற்றாண்டு காலம் படம் எடுத்த நிமாய் கோஷ் 2020-ல் காலமானார். அவர் படங்கள் காப்பாற்றப்பட்டன. ஏனென்றால் கேமராவுக்கு எதிரே நின்றவர் ராய். தாதாவின் கேமராவுக்கு எதிரே நின்றவர் தாமரை மொட்டு விற்பவள்.

கொல்கத்தாவின் சமூக அறிவியல் ஆய்வு மையம் போன்ற ஒன்றிரண்டு நிறுவனங்கள் இப்படிப்பட்ட சாதாரணப் படங்களின் அருமை தெரிந்து சேகரிக்கின்றன. ஆனால் சேகரிப்பவர்களுக்கு விவரம் வேண்டும். எந்தத் தெரு, எந்த வருஷம், யார் இவர்? அதைச் சொல்லக்கூடியவருக்கு வயது எழுபத்து நாலு. உறை மேல் எழுதியிருப்பது பாதி அழிந்துவிட்டது. மிச்சம் அவர் தலைக்குள் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் பரணில் இப்படி எத்தனை பெட்டிகள் இருக்கின்றனவோ.

எழுதும் வேலை இப்போது நடக்கிறது. தெருமுனையில் சரித்திரம் படிக்கும் ஒரு பெண், தாதா, நான். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், தடிமனான ஒரு நோட்டுப்புத்தகம். ஒரு நாளைக்கு மூன்று உறைக்கு மேல் ஓடுவதில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் தாதாவிடம் கதை இருக்கிறது, கதைக்கு நடுவில் டீ வருகிறது. 1978 வரை வந்திருக்கிறோம். அந்த வருஷம் செப்டம்பர் வெள்ளத்தில் நனைந்த நாலு உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. அவற்றைப் பிரிக்கப் பார்க்க வேண்டாம் என்று தனியாக எடுத்துவைத்துவிட்டு, அவற்றில் என்ன இருந்தது என்று தாதா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறோம்.