கணினியும் நாமும்: பொத்தான் இடம் மாறினால் தொழிலும் போய்விடுமா?



சில மாதங்களுக்கு முன்னர், வன்னியில் ஒரு பிரதேச செயலகத்திற்கு அருகே சிறிய தட்டச்சுக் கடை நடத்தும் சகோதரி ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பல வருடங்களுக்கு முன்னர் நான் படிப்பித்த கணினி வகுப்பில் இருந்தவர். போரில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கடை வருமானத்திலேயே வளர்த்தவர். காணிப் பிரச்சினைக்கான கடிதம், வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பம், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் முறைப்பாடு என்று அயல் கிராமங்களின் கவலைகள் எல்லாம் அவருடைய விரல்கள் வழியாகத்தான் கடதாசிக்கு வந்தன.

"ரீச்சர், இனி எனக்கு இது ஏலாது. கடையை அண்ணையின்ர பெடியனிட்டக் குடுக்கப் போறன்" என்றார்.

நடந்தது இதுதான். அவருடைய பழைய கணினி பழுதாகிவிட்டது. கடன்பட்டு வாங்கிய வேறொரு கணினியில் வின்டோஸ் 11 இருந்தது. இடது கை மூலையில் இருக்க வேண்டிய 'ஸ்டார்ட்' பொத்தானைக் காணவில்லை. 'மை கம்பியூட்டர்' படத்தையும் காணவில்லை. சுட்டியின் வலது பக்கத்தை அழுத்தினால் வருகின்ற பட்டியலில் 'கொப்பி' என்ற சொல்லே இல்லை. பழைய கடிதங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றன. அன்றைக்கென்று ஒரு தாய், அடுத்த நாள் விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டிய கடிதத்திற்காக வந்திருக்கிறார். செய்துகொடுக்க முடியாமல் வேறு கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

"அந்த அம்மாவின்ர முகத்தைப் பார்க்க எனக்கு வெக்கமாக் கிடந்தது ரீச்சர். கம்பியூட்டர் பூட்டித்தந்த தம்பியும், 'அன்ரி, உங்கட வயசுக்கு இது கொஞ்சம் கஷ்டம்' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்."

அடுத்த சனிக்கிழமை நான் அவருடைய கடைக்குப் போனேன். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். அவருக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவருடைய கை தானாகவே திரையின் இடது மூலைக்குப் போனது. அங்கே பொத்தான் இல்லாததால் திகைத்து நின்றது. அவ்வளவுதான். பல வருடங்கள் ஒழுங்காக வேலை செய்த கைக்குத்தான் இந்தத் திகைப்பு வரும். இன்றைக்குப் புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு மறப்பதற்குப் பழைய பழக்கம் ஒன்றுமில்லை. எனவே தடுமாற்றத்தைத் திறமைக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

தடுமாறியது நாம் மட்டுமல்ல

மைக்ரோசொப்ட் நிறுவனம் 'ஸ்டார்ட்' பொத்தானை 1995இல் வின்டோஸ் 95 உடன் கொண்டுவந்தது. அன்றிலிருந்து எக்ஸ்பீ, விஸ்டா, 7 என்று பதிப்புகள் மாறினாலும் பொத்தான் இடது மூலையிலேயே இருந்தது. 2012 ஒக்ரோபரில் வின்டோஸ் 8 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். விரலால் தொட்டு இயக்கும் திரைகளை மனதில் வைத்து, முழுத்திரையையும் நிரப்பும் வண்ணக் கட்டங்களை வைத்தார்கள். உலகம் முழுவதும் பாவனையாளர்கள் முறைப்பட்டார்கள். ஒரு வருடத்தில், 2013 ஒக்ரோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தானைத் திரும்பவும் வைத்தார்கள். 2015இல் வின்டோஸ் 10 வந்தபோது பழைய மாதிரியான பட்டியலும் திரும்பி வந்தது.

2021 ஒக்ரோபரில் வந்த வின்டோஸ் 11இல் அதே பொத்தான் திரையின் அடியில் நடுப்பகுதிக்கு நகர்ந்தது. வலது பக்கப் பட்டியலில் இருந்த வெட்டு, கொப்பி, ஒட்டு என்பவை வெறும் சிறு படங்களாகின. அதுவும் பலருக்கு விளங்கவில்லை. 2024இல் வந்த பதிப்பில் அந்தப் படங்களோடு பெயர்களையும் சேர்த்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? செய்தவர்களே பிழை என்று கண்டு திருத்திய விடயங்களுக்காக, நாம் எங்களை நாங்களே குறைசொல்லிக்கொண்டு தொழிலை விடத் தேவையில்லை.

மாறாதவை எவை?

அந்தச் சகோதரிக்கு நான் புதிதாக ஒன்றும் படிப்பிக்கவில்லை. சுட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விசைப்பலகையில் வேலை செய்யச் சொன்னேன். திரையின் தோற்றம் எத்தனை தடவை மாறினாலும் விசைகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கொப்பி எடுத்து ஒட்டும் முறையே 1970களில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாறி ரெஸ்லர் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கியது. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

பின்வருவனவற்றை ஒரு கொப்பியில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. விசைப்பலகையில் வின்டோஸ் அடையாளம் உள்ள விசையை ஒருமுறை அழுத்தினால் 'ஸ்டார்ட்' பட்டியல் திறக்கும். பொத்தான் எந்த மூலையில் இருந்தாலென்ன! திறந்தவுடன் தேவையான மென்பொருளின் பெயரை ரைப் செய்தால் அது முன்னுக்கு வரும்.

2. அதே விசையுடன் 'ஈ' எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் கோப்புகள் இருக்கும் இடம் திறக்கும். 'மை கம்பியூட்டர்' படத்தைத் தேடத் தேவையில்லை.

3. கன்ட்ரோல் விசையுடன் 'சீ' கொப்பி எடுக்க, 'எக்ஸ்' வெட்ட, 'வீ' ஒட்ட, 'எஸ்' சேமிக்க, 'பீ' அச்சிட. பிழைவிட்டால் கன்ட்ரோலுடன் 'இசற்'. செய்ததை அது திருப்பிவிடும்.

4. வலது பக்கப் பட்டியல் பழையபடி முழுமையாக வேண்டுமென்றால், அதன் அடியில் இருக்கும் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள்.

5. பொத்தான் இடது பக்கத்திலேயே வேண்டும் என்பவர்கள், அடியில் உள்ள பட்டையின் வெற்றிடத்தில் வலது பக்கத்தை அழுத்தி 'ராஸ்க்பார் செற்றிங்ஸ்' போங்கள். அங்கே 'பிகேவியர்ஸ்' என்ற பகுதியில் 'அலைன்மன்ற்' என்பதை 'லெவ்ற்' என்று மாற்றுங்கள்.

ஐந்தாவதைச் செய்தவுடன் அந்தச் சகோதரி சிரித்துவிட்டார். "இவ்வளவுதானே? இதுக்கே ரீச்சர் நான் மூண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை?"

பழைய கடிதங்கள் தாறுமாறாகத் தெரிந்ததற்குக் காரணம் வேறு. அவர் பாமினி எழுத்துருவில் ரைப் செய்பவர். புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். கடிதங்கள் அழிந்துவிடவில்லை. பாமினி கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து, இரண்டு தடவை அழுத்தித் திறந்து, மேலே தெரியும் 'இன்ஸ்ரோல்' என்பதை அழுத்தினால் போதும். அதன்பின் கடிதங்களைத் திறந்தபோது எல்லாம் தமிழாக வந்தன. எழுத்துருக் கோப்பையும் முக்கியமான கடிதங்களையும் எப்போதும் ஒரு பென்டிரைவில் வேறாக வைத்திருங்கள்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு

வின்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்ரோபர் 14உடன் நிறுத்தப்பட்டன. இதைச் சொல்லி, "உங்கள் கணினி இனி வேலை செய்யாது, புதிது வாங்குங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் உடனே கடன்படாதீர்கள். அந்தத் திகதிக்குப் பின்னரும் கணினி இயங்கும். புதிய வைரஸ்களிலிருந்து காக்கும் திருத்தங்கள் வழமைபோல் கிடைக்காது என்பதே ஆபத்து. ஆகவே அத்தகைய கணினியில் வங்கி அலுவல்களைத் தவிர்த்து, ரைப் செய்யும் வேலையை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வருபவர்களின் பென்டிரைவ்களை வைரஸ் சோதனை செய்யாமல் திறக்க வேண்டாம்.

பாவித்த கணினி வாங்குவதானால், அது வின்டோஸ் 11ஐ ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். குறைந்தது 4 கிகாபைற் நினைவகமும் 64 கிகாபைற் சேமிப்பிடமும் 'ரீபீஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதியும் அதற்கு வேண்டும். நினைவகம் போதியதாக இருந்தாலும் பழைய புரொசெசர்கள் பலவற்றை அது ஏற்பதில்லை. பணம் கொடுக்க முன்னர் கணினியை உங்கள் முன்னாலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் வேலை செய்யும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. புதிய கணினி வந்த அன்றைக்கே பழைய வேகத்தில் வேலை முடிய வேண்டும் என்று மேலதிகாரி எதிர்பார்த்தால், பழகுவதற்கு அரைநாள் தரும்படி பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். இயந்திரத்திற்குச் செலவழிப்பவர்கள் அதைப் பழகுவதற்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

எங்களில் பலர் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்து, போன இடமெல்லாம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியவர்கள். அந்த இழப்புகளோடு ஒரு பொத்தான் இடம் மாறியதை ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாத குசினியிலும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தோம். போத்தலைத் தேடிய நேரத்தில் சமையல் மறந்துவிட்டது என்று யாரும் எண்ணவில்லை.

அந்தச் சகோதரி கடையைக் கொடுக்கவில்லை. அண்ணனின் மகன் பின்னேரங்களில் வந்து உதவுகிறான். அவனுக்குத் தமிழ் ரைப் பண்ணப் பழக்குவதும் அவர்தான். வேறு கடைக்கு அனுப்பிய அந்தத் தாயைச் சந்தையில் கண்டு, "இனி என்ன கடிதமெண்டாலும் என்னட்ட வாங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டாராம்.

உங்களில் யாராவது புதிய கணினிக்கு முன்னால் திகைத்து நின்றால், அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். ஒரு கிழமை பொறுங்கள். நாளுக்கு ஒரு விடயத்தைக் கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதிலும் வெட்கம் வேண்டாம். ஆனால் சுட்டியை மட்டும் அவர்களின் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்லட்டும், உங்கள் கை செய்யட்டும். அப்போதுதான் கை பழகும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.