எதுக்கு சார் இந்த மாத்திரை?

மலச்சிக்கல்.

காபி குடித்துக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால் மன்னிக்கவும். ஆனால், இதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் பிரச்னையே.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சர்க்கரை அளவு பேசுகிறோம். ரயிலில் எதிர் சீட்காரரிடம் 'பி.பி. எவ்வளவு சார்?' என்று விசாரிக்கிறோம். இது மட்டும் 'வயிறு சரியில்லை', 'மோஷன் ஃப்ரீயா இல்லை'. தமிழில் சொன்னால் நாறும், ஆங்கிலத்தில் சொன்னால் மணக்கும் போலிருக்கிறது.

இந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை ஆறு வருஷம்.

முப்பத்தைந்து வயதில் ஆரம்பித்தது. அடிவயிற்றில் வலி, உப்புசம். வெளிக்குப் போவது நாலு நாளைக்கு ஒருதரம். டாக்டரிடம் போனேன். உள்ளே நுழைந்தால் அடுத்த டோக்கன்காரர் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நம்ம ஊர் கிளினிக்குகளில் அதுதானே வழக்கம்! 'வயிறு வலிக்குது சார்' என்றேன். பாக்கி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவரும் கேட்கவில்லை. ரெண்டு நிமிஷம். ஒரு மாத்திரை எழுதினார்.

வலி குறைந்தது. ஆனால் நாலு நாள் ஆறு நாளாயிற்று.

அதற்கு வேறொரு டாக்டர். 'ஏற்கெனவே ஏதாவது சாப்பிடறீங்களா?' என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு சிரப் எழுதினார். அப்புறம் என்ன? மாத்திரையும் சிரப்பும் மாதா மாதம் மளிகை சாமான் மாதிரி வந்தன. நாலாக மடித்த சீட்டு மடிப்பில் கிழிந்தே போயிற்று. மெடிக்கல் ஷாப் தம்பி என் தலையைப் பார்த்ததுமே 'வழக்கமானதா சார்?' என்பான். ஏதோ ஓட்டலில் சர்வர் கேட்கிற மாதிரி!

கடைசியில் குடல் நோய் நிபுணர் ஒருவரிடம் போனேன். 'சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க' என்றார். மேஜை மேல் பரப்பினேன். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். அந்த ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து. குளோர்டயாசிபாக்சைடு, கிளிடினியம், டைசைக்ளோமின். முதலாவது பதற்றத்தைத் தணிப்பது. விடாமல் சாப்பிட்டால் பழக்கமாகிவிடும். மற்ற ரெண்டும் குடலின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைக் குறைப்பவை. அந்த வேலையைச் செய்யும்போதே குடலின் நகர்வையும் மந்தமாக்கும். மலச்சிக்கல் அவற்றின் தெரிந்த பக்கவிளைவு.

'ஒரு கையால பூட்டிட்டு இன்னொரு கையால திறந்துக்கிட்டு இருக்கீங்க' என்றார்.

நான் பி.காம். கணக்கில் 'காம்பன்சேட்டிங் எரர்' என்று ஒன்று உண்டு. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிடும். டிரையல் பேலன்ஸ் அழகாக டாலி ஆகும். கணக்கு மட்டும் தப்பு. ஆறு வருஷமாக என் வயிறு அப்படித்தான் டாலி ஆகிக்கொண்டிருந்தது.

அந்த மாத்திரையை மறுநாளே நிறுத்தச் சொல்லவில்லை அவர். பழகிப்போன மருந்தைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். எனக்கிருப்பது ஐ.பி.எஸ்., மலச்சிக்கல் வகை என்று பெயரையும் சொன்னார். அதாவது குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் கோளாறு. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நிம்மதியும் இல்லை.

இதில் குற்றவாளி யார்? மூன்று பேர்.

முதலில் கடை. 2014 மார்ச் முதல் 'ஹெச்-1' என்றொரு பட்டியல் அமலில் இருக்கிறது. குளோர்டயாசிபாக்சைடு அதில் உண்டு. சீட்டில்லாமல் தரக்கூடாது. எழுதிய டாக்டர் பெயர், வாங்கியவர் பெயர், எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். 'வழக்கமானதா சார்?' என்ற கேள்வி எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை.

ரெண்டாவது, விளக்காத டாக்டர். கூட்டம் என்பார்கள். சரி, கூட்டம்தான். ஆனால் 'பதினஞ்சு நாள் சாப்பிட்டு வந்து காட்டுங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சொல்லாவிட்டால் வேறு விபரீதமும் நடக்கும். நண்பர் ஒருவரின் மனைவிக்கு இதே வயிற்றுக் கோளாறு. அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் எழுதித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து கூகுளில் பார்த்தால் 'மனச்சோர்வு மருந்து' என்றிருக்கிறது. 'என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரா அந்தாளு?' அட்டை குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. உண்மையில் அந்த மருந்து சின்ன அளவில் குடல் நரம்பு வலியைக் குறைக்கும். இங்கிலாந்தில் 463 பேரிடம் சோதித்து, வெறும் மாத்திரையைவிட இது பலன் தருகிறது என்று 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தம்மா சாப்பிட்டிருப்பார்.

மூன்றாவது குற்றவாளி நான்தான். வாயைத் திறக்காத நான்.

'இங்கிலீஷ் மருந்தே இப்படித்தான், சூரணம் சாப்பிடுங்க' என்று இந்நேரம் யாராவது பேனாவை எடுத்திருப்பீர்கள். பல சூரணங்களில் இருப்பது நிலாவாரை. உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவேலி சென்னா' என்று நம்ம திருநெல்வேலியின் பெயரே உண்டு. அதுவும் குடலைத் தூண்டிவிடும் மருந்துதான். பாட்டில் மேல் இலை படம் போட்டால் மருந்து கீரையாகிவிடாது. அதற்கும் அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு.

நான் மருந்துக்கு விரோதி இல்லை. டெகாசெரோட் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். இதே ஐ.பி.எஸ். மலச்சிக்கலுக்கென்று 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007-ல் சோதனைக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 11,614 பேரில் 13 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் பாதிப்பு. வெறும் மாத்திரை சாப்பிட்ட 7,031 பேரில் ஒருவருக்கு. அந்த மார்ச்சிலேயே விற்பனையை நிறுத்தினார்கள். இந்தியாவில் தடை ஆணை வந்தது 2011 மார்ச்சில். நாலு வருஷம் கழித்து!

கதை அங்கே முடியவில்லை. 2019-ல் அமெரிக்காவில் அதே மருந்து திரும்பி வந்தது. 65 வயதுக்குக் கீழே, இதயக் கோளாறு இல்லாத பெண்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. (2022-ல் கம்பெனியே வியாபாரக் காரணம் சொல்லி நிறுத்திக்கொண்டது, அது வேறு.) மருந்து ஒன்றுதான். யாருக்கு, எதற்கு என்பதில்தான் அமிர்தமும் விஷமும்.

அதனால் சீட்டைக் கையில் வாங்கியதும் மூன்று கேள்வி கேளுங்கள். எதுக்கு சார் இந்த மாத்திரை? எத்தனை நாள்? நான் ஏற்கெனவே சாப்பிடறதோட சேருமா? ரத்தசோகைக்கான இரும்பு மாத்திரை, பி.பி. மாத்திரைகளில் சில, இவையெல்லாம்கூட மலச்சிக்கல் தரும். மூன்றாவது கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைக்கும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ஐம்பதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் கூச்சப்படாமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அங்கே கூச்சப்பட்டால் போவது ஆறு வருஷமாக இருக்காது, உயிராக இருக்கும்.

போன மாதம் வேறொரு கிளினிக். வழக்கம்போல அடுத்த டோக்கன்காரர் பக்கத்தில். நான் சத்தமாகவே சொன்னேன். 'எனக்கு மலச்சிக்கல் டாக்டர். பத்து வருஷமா இருக்கு.'

டாக்டர் நிமிர்வதற்குள் பக்கத்து நாற்காலி நகர்ந்து வந்தது.

'சார், நீங்க என்ன மாத்திரை சாப்பிடறீங்க?'