டயரின் மேல் எழுதியிருப்பது

இலக்கியம் பேசுமிடத்தில் டயரைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. ஆயினும் வாசக நண்பர்களில் பலர் எங்களைப் போன்றவர்களே. கடன் வாங்கிச் சிறு கார் ஒன்றை வாங்கியவர்கள். வாரநாள்களில் அதை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ கல்லூரிக்குப் போகிறவர்கள். ஆண்டுக்கு நான்கைந்து முறை வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் ஏறுகிறவர்கள். அதிகம் ஓடாத கார் அதிகம் பழுதாகாது என்று நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கை டயரைப் பொறுத்தவரை தவறானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2024 மே மாதத்தில் ஒரு முற்பகல் வேளை, நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கயத்தாறு தாண்டிச் சிறிது தொலைவில் இடப்பக்கப் பின் டயர் வெடித்தது. வேகம் எண்பதுக்குச் சற்று மேலே இருந்திருக்கும். வேட்டுச் சத்தமும், அதைத் தொடர்ந்து வண்டியின் பின்பகுதி யாரோ பிடித்து இழுப்பதுபோல் அலைந்ததும் நினைவிருக்கிறது. பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது பயிற்சியால் அன்று. அச்சத்தில் கால் உறைந்துபோனதால்தான். வலப்பக்கத் தடத்தில் அந்நேரம் வண்டி எதுவும் வரவில்லை. பின்னிருக்கையில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். ஓரத்தில் நிறுத்தி இறங்கிய பிறகும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

உதவிக்கு நிறுத்திய லாரி ஓட்டுநர் கிழிந்த டயரை உருட்டிப் பார்த்தார். "பட்டன் நல்லாத்தான் இருக்கு சார். ரப்பர் செத்துப்போச்சு" என்றார். பிறகு பக்கச்சுவரில் முட்டை வடிவச் சிறு கட்டத்துக்குள் இருந்த எண்ணை விரலால் தடவிக் காட்டினார். 3816. "முப்பத்தெட்டாவது வாரம், பதினாறாவது வருசம். எட்டு வருசம் ஆகப்போவுது சார். இதைப் பாக்கலியா நீங்க?"

பார்த்ததில்லை. வீட்டில் இருவருமே தமிழ் படித்தவர்கள். வட்டெழுத்துப் பயிற்சிக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போயிருக்கிறோம். சிதைந்த கல்வெட்டில் ஆட்சியாண்டு எங்கே வரும் என்று வகுப்பில் விளக்கியிருக்கிறோம். எங்கள் காருக்கு அடியில் ஐந்து இடங்களில் பொறிக்கப்பட்டிருந்த ஆண்டை ஏழரை ஆண்டுகளாக ஒருமுறைகூடப் படித்ததில்லை.

படித்தால் புரியாத எழுத்தும் அல்ல அது. எங்கள் டயரில் இருந்தது 165/80 R14 85T. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. R என்றால் ரேடியல். 14 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் அங்குலமும் விழுக்காடும் கலந்து கிடப்பது எந்த இலக்கணத்துக்கும் அடங்காது. இருப்பினும் உலகம் அதற்குப் பழகிவிட்டது. 85 என்பது கிலோ கணக்கில்லை, ஒரு குறியீட்டு எண். அந்த டயர் 515 கிலோ வரை தாங்கும் என்று பொருள். T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. இந்த வேகம் நம்மில் எவருக்கும் வேண்டாம்; ஐந்து பேரும் டிக்கி நிறையப் பையும் ஏறும் குடும்பக் காரில் சுமை எண்தான் முக்கியம். தொழிற்சாலை தந்த எண்ணைவிடக் குறைந்ததை மலிவு என்பதற்காக மாட்டக்கூடாது. இந்தியத் தரக்குறியான ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதே சுவரில்தான் இருக்கும். நான்கு இலக்கத் தேதி மட்டும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் உண்டு. அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால், வண்டியடியில் குனிந்து கைவிளக்கடித்துப் பார்த்தாக வேண்டும். எங்களுடையதில் இரண்டு அப்படித்தான் இருந்தன.

டயர் தேய்ந்துதான் சாகும் என்று எண்ணியிருந்தோம். புதிய கார் டயரின் தடப்பள்ளம் ஏறத்தாழ 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது விதி. பள்ளத்துக்குள்ளே அந்த உயரத்தில் சிறு மேடுகளைத் தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள். எங்கள் கார் அதுவரை ஓடியது 41,000 கிலோமீட்டர். மேட்டைத் தொடப் பள்ளம் இன்னும் நிறைய மிச்சமிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஒவ்வோர் ஆண்டும் "இந்த வருடமும் ஓட்டிவிடலாம்" என்று தீர்ப்பு வழங்கினோம்.

நாங்கள் வாழ்வதோ ரப்பர் மண்ணில். குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களின் ஊர் எங்கள் மாவட்டம். அந்தப் பால் வெறும் ரப்பராக உறைந்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட பிறகே அது சக்கரத்துக்கு உதவியது. ஆனாலும் அது ஓர் உயிர்ப்பொருளின் பிள்ளை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலின் சூடும் அதை இடைவிடாமல் தின்கின்றன. அதைத் தடுக்க டயருக்குள் மெழுகும் வேறு காப்புப் பொருள்களும் கலந்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நெளிகிறது. நெளியும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து மூடுகிறது. நின்றே கிடக்கும் காரில் இந்தக் கசிவு குறைவு. சும்மா நிற்கும் டயரின் பக்கச்சுவரில் முடியிழைபோல் வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான். குறைவாக ஓட்டிச் சேமித்ததாக நினைத்தோமே, அதுவே அதன் மூப்பை விரைவுபடுத்தியிருக்கிறது.

எத்தனை ஆண்டு என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 6 ஆண்டில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு. டயர் நிறுவனங்கள் சில, 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதித்து, 10 ஆண்டைத் தாண்டவிடாதீர்கள் என்கின்றன. 10 என்பது குளிர்நாட்டுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். சித்திரை வெயிலில் தார் கொதிக்கும் கோவில்பட்டிச் சாலைக்கு 6 என்பதே எங்கள் கணக்கு. இது அறிவியலைவிட அச்சம் போட்ட கணக்கு என்று நண்பர்கள் சொன்னால் மறுக்கமாட்டோம்.

வெடித்ததற்கு மூப்பு ஒன்றே காரணமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். "வெயில் காலம், தூரப் பயணம், காத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்குங்க" என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். நாங்களும் அன்று காலை குறைத்துத்தான் வைத்தோம். இதைப்போல் ஆபத்தான அன்புரை வேறில்லை. காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் நெளியும். நெளிவுதான் சூட்டைப் பெருக்குகிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு காற்று, முழுச்சுமைக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். வண்டி ஓடிச் சூடேறும் முன் அந்த அளவுக்கு வைப்பதே முறை. நைட்ரஜன் நிரப்பச் சொல்லிக் காசு கேட்கிறார்கள். இலவசக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

இனிக் கடைக்கு வருவோம். டயர் கடையில் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லது?" என்பது. அந்தக் கேள்வியை நாங்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதல், ஒரகடத்து அப்பல்லோ, தேர்வாய்கண்டிகை மிஷெலின் வரை சென்னையைச் சுற்றியே பெருந்தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஐ.எஸ்.ஐ. பெற்ற பெயருள்ள டயர்களுக்கிடையே உள்ள வேறுபாடு, இவ்வாண்டு செய்ததற்கும் மூன்றாண்டு கிடங்கில் கிடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே முதலில் தேதி. கடைக்காரர் உருட்டி வந்த நான்கில் இரண்டு அவ்வாண்டுடையவை, இரண்டு 2022இல் செய்தவை. "எல்லாம் புதுசுதான் சார், ஓடாத டயரு" என்றார். ஓடாத டயரின் கதை எங்களுக்குத் தெரிந்திருந்ததால், மாற்றித் தரும்வரை உட்கார்ந்திருந்தோம். இருட்டறையில் சுமையின்றிக் கிடக்கும் டயர் அவ்வளவு விரைவில் மூப்படையாது என்பது உண்மையே. மூன்று மாதமா எட்டு மாதமா என்று வழக்காட வேண்டாம். ஓராண்டைத் தாண்டியதை முழுவிலைக்கு வாங்க வேண்டாம் என்பதே நாங்கள் சொல்வது.

அடுத்துக் கேட்க வேண்டியது மழையைப் பற்றி. நீண்ட உழைப்பு, குறைந்த எரிபொருள் செலவு, ஈரச்சாலையில் பிடிப்பு: இம்மூன்றையும் ஒரே ரப்பரில் முழுமையாகக் கொண்டுவருவது கடினம், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று பெரும்பாலும் குறையும். ஈரப்பிடிப்புக்கும் உருளல் தடைக்கும் ஒலிக்கும் அளவுகளை ஒன்றிய அரசு 2022இல் விதியாக்கியது நன்று. கடைகளில் இன்னும் பேசப்படுவது "எத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்பது மட்டுமே. ஆண்டுக்கு ஐயாயிரம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் நமக்கு எண்பதாயிரம் ஓடும் டயர் எதற்கு? அது தேயும் முன் செத்துவிடும். இரு பருவமழையும் பெய்யும் எங்கள் ஊருக்கு, சீக்கிரம் தேய்ந்தாலும் நனைந்த சாலையைக் கவ்வுகிற டயரே போதும்.

துறை நண்பர் ஒருவர் அழகுக்காக 185/65 R14க்கு மாறினார். மைலேஜும் கூடிவிட்டதாக மகிழ்ந்தார். கணக்கிட்டுப் பார்த்தோம். அகலம் கூடினாலும் டயரின் மொத்த விட்டம் 620 மில்லிமீட்டரிலிருந்து 596 ஆகக் குறைகிறது. கார் தரையை நோக்கி 12 மில்லிமீட்டர் இறங்குகிறது. நம் வேகத்தடைகளுக்கு அது சிறிதன்று. சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழல்வதால் ஓடுமானி ஏறத்தாழ 4 விழுக்காடு மிகைத்துக் காட்டும். கூடிய மைலேஜ் அங்கிருந்து வந்ததுதான். நண்பர் ஒரு வாரம் பேசவில்லை.

விலைதான் உண்மையான தடை. சுயநிதிப் பிரிவில் பாடம் நடத்துகிறவர் வீட்டில் நான்கு டயர் என்பது ஒரு மாதக் குடும்பச் செலவைக் குலைக்கும் தொகை. நாங்கள் வாங்கிய 2024இல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. அப்போதும் இரண்டு மட்டுமே வாங்க முடிகிறவர் உண்டு. அவர் அந்த இரண்டையும் பின்னால் மாட்டட்டும். "இழுக்கிறது முன் சக்கரம்தானே, புதுசை முன்னாடி போடுங்க" என்று கடையில் சொல்வார்கள். மழைத் தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். நம்மைப் போன்ற ஓட்டுநர்களால் அதை மீட்க முடியாது. இது தேய்ந்த டயர்களுக்கான யோசனை. நான்கும் மூப்படைந்திருந்தால் இரண்டோடு நிறுத்த வழியில்லை. அவ்வாண்டு புத்தகக் கண்காட்சிக்கென ஒதுக்கியிருந்ததையும் சேர்த்து நான்கை வாங்கினோம்.

ஐந்தாவது எஞ்சியது. மாற்றுச் சக்கரத்தை நம்மூரில் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரால், அங்கிருந்து விற்பனைக்கு வந்த மாற்றுச் சக்கரத்துக்கு வழங்கிய பெயர் அது. பொருளுக்கு நம்மிடம் பழைய முன்னோடி உண்டு. உப்பு வணிகர்கள் மேடுபள்ளம் அறியாத வழிக்கென வண்டியடியில் மாற்று அச்சைக் கட்டிச் சென்றதை ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில் காணலாம். அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். எங்கள் டிக்கியில் கிடந்த மாற்றுச் சக்கரத்தின் தேதியும் 3816 என்பதை, கயத்தாற்றில் அதை மாட்டி மதுரை போய்ச் சேர்ந்து, திரும்பிய பிறகுதான் கவனித்தோம். ஒருநாள்கூட ஓடாதது, மற்ற நான்கின் வயதே அதற்கும்.

ஐந்தாவதை வாங்க மேலும் ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை காரை ஊர் எல்லைக்குள் மட்டுமே எடுத்தோம். மதுரைக்கு ரயிலில் போய்வந்தோம். அம்மாவுக்கு ரயில்தான் பிடித்திருந்தது.