ரப்பர் கொஞ்சம் பொறுக்கட்டும்!

குட்டீஸ்! 'மழைநாள்' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன செய்கிறீர்கள்? ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் நோட்ஸில் உள்ளதையே எழுதிவிடுகிறீர்கள். வகுப்பு முழுக்க ஒரே மழை! எனக்கு இது பிடிக்கவில்லை. பிழைக்குப் பயந்தே உங்கள் சொந்த மழையைத் தொலைக்கிறீர்கள்.

முதலில் ரஃப் நோட்டை எடுங்கள். ஐந்து நிமிடம், நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். ஒழுகிய கூரை, நனைந்த புத்தகப்பை, பாட்டி சுட்ட வடை... வாக்கியமே வேண்டாம், சொற்கள் போதும். குழுவாக யோசிப்பவர்களுக்கு இப்படியொரு வழியைத்தான் அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1953-ல் வந்த தன் புத்தகத்தில் சொன்னார்: யோசனை சேரும்போது குறை சொல்லக் கூடாது.

பிறகு, பிடித்த நாலைந்தை வாக்கியமாக்குங்கள். இலக்கணம் இப்போது வரட்டும். "தவளைகள் கத்தியது" என்று எழுதியிருப்பீர்கள். கத்தியவை எத்தனை? பல. அப்படியானால் "கத்தின". எழுவாயைக் கண்டுபிடித்துவிட்டால் பயனிலையைச் சரிபார்ப்பது சுலபம். "நானும் தம்பியும் நனைந்தேன்" என்றால், தம்பி மட்டும் குடைக்குள் இருந்தானா? "நனைந்தோம்"!

இதைப் பார்க்காமல் நோட்டை நீட்டினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.