கதவுக்கு விலை

இத்தாலியில் பல புராதன மாதா கோயில்களுக்குள் நுழைய இப்போது டிக்கட் வாங்க வேண்டும். மிலான், சியன்னா நகரங்களின் பேராலயங்களிலும், பிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் அடங்கியிருக்கும் ஸாண்டா குரோச்சேயிலும் இதுதான் வழக்கம். இது நியாயந்தான் என்று வாதிக்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

"பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்பது அவர்களுடைய முதல் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். 2017-இல் ஸாண்டா குரோச்சேயில் மேலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்து, பார்க்க வந்த ஸ்பெயின் தேசத்தவர் ஒருவர் உயிரிழந்தார். பழைய கட்டடத்துக்குப் பணம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வசூலிக்கும் இடம் வாசற்படியா என்பதுதான் என் கேள்வி. அதே பிளாரன்ஸில், புரூனெல்லெஸ்கியின் கும்மட்டம் நிற்கும் பேராலயத்துக்குள் நுழையக் காசு கிடையாது. 463 படி ஏறி உச்சிக்குப் போகத்தான் காசு. வாத்திகனில் செயிண்ட் பீட்டர் ஆலயத்திலும் அப்படியே. ஆசைக்கு விலை வைத்தார்கள், கதவுக்கு வைக்கவில்லை. இத்தாலிய ஆயர்கள் பேரவையே 2012-இல் வெளியிட்ட குறிப்பும் இதைத்தான் சொல்லிற்று: கோயிலுக்குள் பிரவேசம் இலவசமாக இருக்கட்டும், மணிக்கூண்டு, நிலவறை போன்றவற்றுக்கு வேண்டுமானால் கட்டணம் வாங்கலாம்.

"கூட்டம் குறையுமே!" என்பது அடுத்த வாதம். ரோமாபுரியின் பாந்தியன் 609-ஆம் ஆண்டு முதல் மாதா கோயில். 2023 ஜூலையில் அதற்கு 5 யூரோ கட்டணம் விதித்தார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து விமானமேறி வந்தவன் 5 யூரோவுக்குப் பயந்தா திரும்பிப் போவான்? தயங்கி நிற்பவன் ஏழை ஒருவன்தான்.

மூன்றாவது வாதம் சாமர்த்தியமானது. "பிரார்த்தனைக்கு வருகிறவர்களிடம் காசு கேட்பதில்லையே!" என்கிறார்கள். ஆமாம், கேட்பதில்லை. பல இடங்களில் அவர்களுக்குத் தனி வாசலும், உட்கார ஒதுக்கிய இடமும் உண்டு. ஆனால் வாசற்காவலர் எப்படி ஐயா கண்டுபிடிப்பார்? சித்திரம் பார்க்க வந்தவன் அதன் முன்னாலேயே கண் கலங்கி மண்டியிடுகிறான். மண்டியிட வந்தவன் அண்ணாந்து விதானத்தைப் பார்த்து ஜபத்தை மறக்கிறான். அந்தச் சுவர்களில் கதை கதையாக எழுதிய சித்திரக்காரர்கள், எழுத்தறியாத ஜனங்களும் பார்த்துப் பக்தி கொள்ளட்டும் என்றுதானே எழுதினார்கள்? அவர்கள் ஒன்றாகச் சேர்த்து வைத்ததை நாம் இரண்டு வாசலாகப் பிரிக்கிறோம்.

காசு என்றாலே நான் முகம் சுளிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். ரோமில் ஸான் லூயிஜி தேய் பிரான்சேசி என்ற கோயிலில் கரவாஜ்ஜோவின் மூன்று சித்திரங்கள் இருட்டில் இருக்கின்றன. பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். சற்று நேரத்தில் அணைந்துவிடும். இந்த ஏற்பாட்டை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். காசுள்ளவன் போட்ட நாணயத்தின் வெளிச்சம், பக்கத்தில் நிற்கும் காசில்லாதவனுக்கும் கிடைக்கிறது. அவனை யாரும் நகர்ந்து நில் என்பதில்லை.

வாசலில் டிக்கட் வைத்தால் அந்தக் காசில்லாதவன் உள்ளே வரவே மாட்டான். விளக்கு யாருக்காக எரிந்தால்தான் அவனுக்கென்ன?