விதிவிலக்கு எழுதிய கை

கம்பம் பள்ளத்தாக்கிலே வெள்ளைக்காரனைப் பழித்துப் பேசுவது எளிதன்று, தோழர்களே! தேவாரத்திலிருந்து கூடலூர் வரை சென்று பாருங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் பென்னிகுயிக் படம் மாட்டிய வீடுகளைக் காண்பீர்கள். பொங்கல் நாளில் அவர் பெயரால் பானை பொங்குகிறது. 1895-இல் முல்லைப் பெரியாற்றைக் கிழக்கே திருப்பித் தந்த பொறியாளரை உழவன் மறவான், மறக்கவும் வேண்டாம். ஆனால், அந்த அணையைக் காட்டி, "ஆங்கிலேயன் படை கொண்டு வந்தாலும் பண்பும் கொண்டு வந்தான், அவன் நாட்டு அறிஞர்கள் உரிமையின் காவலர்கள்" என்று வாதிடுவோர் உண்டே, அவர்களோடுதான் எனக்கு வழக்கு.

உரிமையின் காவலர்கள்! அவர்களுள் தலையாயவர் ஜான் ஸ்டூவர்ட் மில். தனிமனிதன் மீது அரசு எதுவரை கை வைக்கலாம் என்று வரம்பு கட்டிய அவரது 'சுதந்திரம்' பற்றிய நூல் 1859-இல் வெளிவந்தது. அந்த மேதை எங்கே ஊழியம் பார்த்தார் தெரியுமா? இலண்டனில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில்! 1823 முதல் 1858 வரை, 35 ஆண்டுகள்! கட்டபொம்மனை 1799-இல் கயத்தாற்றிலும், மருது சகோதரர்களை 1801-இல் திருப்பத்தூரிலும் தூக்கிலிட்டதே, அதே கம்பெனி. அவர் நாற்காலியில் இருந்த காலத்திலேதான் 1843-இல் சிந்துவும், 1849-இல் பஞ்சாபும் பீரங்கிக்கு இரையாயின.

இரட்டை வேடம் என்பார்கள். நாடகக்காரன் நான், வேடம் எது என்று எனக்குத் தெரியும். வேடம் போடுகிறவன் எதையேனும் மறைப்பான். மில் எதையும் மறைக்கவில்லை! அந்த நூலின் முன்னுரையிலேயே விதிவிலக்கு எழுதி வைத்தார்: பக்குவம் அடையாத இனங்களுக்கு இந்த உரிமை இல்லை, அவர்களைத் திருத்துவது நோக்கமானால் எதேச்சாதிகாரமும் தகும் என்று. பக்குவத்தை அளப்பவன் யார்? துப்பாக்கி வைத்திருப்பவன்! படைவீரன் கொள்கையைக் கெடுக்கவில்லை, தோழர்களே. கொள்கையே அவனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது.

அந்தக் கதவு வழியே எது வந்தது என்பதைக் காணக் கடல் கடக்க வேண்டாம். தேவாரத்திலிருந்து மதுரை செல்லும் வழியில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. 1871-இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. 'ரேகைச் சட்டம்' என்றனர் மக்கள். திருடியவனைப் பிடிக்கும் சட்டம் அல்ல அது. பிறந்தவனைப் பிடிக்கும் சட்டம்! கைரேகை பதிய வேண்டும்; இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும்; ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இதற்கும் அவர்கள் வைத்த பெயர் சீர்திருத்தம். பள்ளிகளும் திறந்தார்கள். (தேனி மாவட்டத்தில் இன்றும் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்த வழி வந்தவையே; அங்கு படித்து உயர்ந்தோர் பலர். அணையைப் போலவே, அதையும் மறுக்க வேண்டியதில்லை.)

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்ற மக்கள் மீது குண்டுகள் பாய்ந்தன. மாண்டவர் 16 பேர். அவர்களுள் ஒருத்தி, மாயக்காள்.

ஆண்டைக் கவனியுங்கள். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வாக்குரிமையைக் கொஞ்சம் விரித்துத் தந்த காலம். அவ்வாண்டு நவம்பரிலே மாகாணத் தேர்தல்! ஜூலை 8-ஆம் நாள் இலண்டன் மக்களவையில் ஜாலியன்வாலாபாக் படுகொலை குறித்து விவாதம். சர்ச்சில் எழுந்தார். அன்றைக்கு அவர் லிபரல் கட்சிக்காரர், போர்த்துறை அமைச்சர். இத்தகைய கொடுமை பிரிட்டிஷ் முறைக்கே புறம்பானது என்று முழங்கினார். முழக்கம் எழுந்தபோது, பெருங்காமநல்லூர் வெடியோசை அடங்கி நூறு நாள்கூட ஆகவில்லை!

1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. பலர் அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. பிறப்பைப் பார்க்கவில்லை, தண்டனையைப் பார்த்தது. ஆனால் பதிவேடு மீண்டும் திறந்தது. சிறைக் கையேடுகளிலோ பிறப்பும் போகவில்லை. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் போல் நடத்தும் விதிகள் நாட்டின் பல மாநிலக் கையேடுகளில் தங்கியிருந்தன. அவை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள், 2024 அக்டோபர் 3.