குட்டி யானையும் பாதி காரும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்தான். அந்த நாலு வழிச் சாலையில அறுவடை நேரத்துக் காலையில போனா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் காட்சி கண்ணுல படும். முன்னால ஒரு குட்டி யானை. பின்னால தொட்டியில மூட்டை. மூட்டை மேல ஏழெட்டுப் பெண்கள், தலையில துண்டு, கையில தூக்குவாளி. பக்கத்துல நூறுல போற ஆம்னி பஸ் அடிக்கிற காத்துக்கே வண்டி ஒரு ஆட்டம் ஆடும்.

இதைப் பார்க்கிறவங்க சொல்றது ரெண்டே விஷயம்தான். "ஓவர்லோடு" அல்லது "போலீஸ் என்ன பண்ணுது". ரெண்டும் நியாயம்தான். ஆனா யாரும் கேட்காத மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு. அஞ்சு பேரும் கொஞ்சம் சரக்கும் சேர்த்து சட்டப்படி ஏத்துற மாதிரி, ஒரு சின்ன விவசாயி வாங்கக்கூடிய விலையில, நம்ம ஊர்ல ஏன் ஒரு வண்டி இல்ல?

பொட்டி தட்டுறவனுக்கு மூட்டை கணக்கு எதுக்குன்னு கேட்காதீங்க. பொறியியல் படிச்சதுக்கு ஒரு தடவையாவது உபயோகம் வேணாமா :-)

முதல்ல குட்டி யானைக்கு ஒரு கும்பிடு. டாடா ஏஸ் 2005 மே மாசம் வந்தது. ரெண்டு சிலிண்டர், 702 சிசி டீசல், 16 குதிரைத் திறன். இன்னிக்குப் பல பைக்குக்கே இதைவிட சக்தி அதிகம். ஆனா மூணு சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவுல இருந்த பெரிய ஓட்டையை அந்த வண்டி அடைச்சது. அதுக்கப்புறம் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல, மஹிந்திரா ஜீட்டோ 2015-ல, மாருதி சூப்பர் கேரி 2016-லன்னு வரிசையா வந்தாங்க. எது வந்தாலும் நம்ம ஜனங்களுக்கு எல்லாமே குட்டி யானைதான்.

சட்டமும் இந்த வண்டிகளுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுது. மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருந்தா பெர்மிட் தேவையில்ல. விக்கிரவாண்டி டோல்ல ஏஸ் மாதிரி மினி வண்டிக்கும் காருக்கும் ஃபாஸ்டேக்ல ஒரே வகைதான். கார் லைசென்ஸே போதும்னு 2017-ல உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் அமர்வும் உறுதி பண்ணிடுச்சு (7500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு).

இப்ப கணக்குக்கு வருவோம். ஏஸ் ஏத்தக்கூடிய சரக்கு 750 கிலோ. நெல் மூட்டை 75 கிலோன்னு வெச்சா சரியா பத்து மூட்டை. ஒரு ஏக்கர்ல 25, 30 மூட்டை வரும். அதாவது ஒரு ஏக்கர் நெல்லை விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோக மூணு நடை. மணிலா மூட்டை 80 கிலோன்னா ஒன்பதுதான். நடைமுறையில யாரும் மூணு நடை போறதில்ல. ஸ்பிரிங் பட்டை ஒண்ணு ரெண்டு கூடுதலா ஏத்திட்டு, இருபது மூட்டையை ஒரே நடையில அடிச்சிடுவாங்க. ஸ்டாண்டுல ஒரு வண்டிக்காரர்கிட்ட பேச்சு கொடுத்தப்ப அவர் சொன்னது: "தம்பி, பத்து மூட்டைக்குத்தான் வண்டின்னா டீசல் காசுதான் தேறும். டியூ யாரு கட்டுறது?"

அவர் சொல்றது அவருக்கு நியாயம். ஆனா பட்டை ஏத்தினா வண்டி கீழே உட்காராது, அவ்வளவுதான். பிரேக்கும் டயரும் கம்பெனி கொடுத்ததேதான். ரெண்டு மடங்கு எடையை அந்தக் குட்டி டயர் எவ்வளவு தூரத்துல நிறுத்தும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 2019 திருத்தத்துக்கப்புறம் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுதல் டன்னுக்கு 2,000. சவுக்குக் கழி பின்னால நீட்டிக்கிட்டு இருந்தா அதுக்கும் 20,000. மரக்காணம் பக்கம் சவுக்கு ஏத்துறவங்களைக் கேளுங்க, ஏழடித் தொட்டியில 20 அடிக் கழியை எப்படி நீட்டாம ஏத்துறதுன்னு.

இதெல்லாம் சரக்கு பத்தின குறை. பெரிய குறை கேபின்ல இருக்கு. டிரைவரோட இன்னும் ஒருத்தர். அவ்வளவுதான் சீட்டு. களை எடுக்கப் போற எட்டு பேருக்கு எங்க இடம்? பின்னால.

பின்னால உட்கார்றவங்களோட நிலைமை என்னன்னு நிறைய பேருக்குத் தெரியல. மோட்டார் வாகனச் சட்டத்துல 1994-ல ஒரு திருத்தம் வந்தது. சரக்கு வண்டியில சரக்கோட சொந்தக்காரரோ அவர் அனுப்பின ஆளோ போனா, அவங்களுக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. மத்தவங்களுக்கு? கிடையாதுன்னு ஆஷா ராணி வழக்குல உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பர்ல தெளிவா சொல்லிடுச்சு. 2004-ல பல்ஜித் கவுர் வழக்குலயும் அதே நிலைதான். ஆனா அந்த வழக்குல முதல்ல கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், அப்புறம் வண்டிச் சொந்தக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு உத்தரவு ஆச்சு. எல்லா வழக்குலயும் இப்படி நடக்கும்னு உத்தரவாதம் இல்ல. அப்படியே நடந்தாலும், டியூ கட்ட முடியாம இருபது மூட்டை ஏத்துறவர்கிட்ட போய் எந்த லட்சத்தை வசூல் பண்றது? ஆக, மூட்டை மேல உட்கார்ந்து போற அந்தக் கூலிப் பெண்ணுக்கு ஏதாவது ஆனா, சட்டப்படி மூட்டைக்கு இருக்கிற சொந்தக்காரன்கூட அவங்களுக்கு இல்ல.

பஸ்ல போகக் கூடாதான்னு கேட்கலாம். 2021-லேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்ல. 1997-ல ஆரம்பிச்ச மினி பஸ் திட்டத்தை 2025-ல விரிவாக்கியும் இருக்காங்க. நல்ல விஷயம். ஆனா காலையில ஆறு மணிக்கு ஏரிக்கரை தாண்டி வயலோரம் கொண்டுபோய் விடுற பஸ் இன்னும் வரல.

இந்த இடத்துலதான் தலைப்புல இருக்கிற பாதி கார் வருது. முன் பாதி கார், பின் பாதி தொட்டி. ஆஸ்திரேலியாவுல இதுக்கு "யூட்"னு பேரு. 1932-ல ஒரு விவசாயியோட மனைவி ஃபோர்டு கம்பெனிக்கு லெட்டர் போட்டாங்களாம்: ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றியை சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேணும்னு. லூ பாண்ட்ங்கிற இளம் டிசைனர் வரைஞ்சார், 1934-ல வண்டி வந்தது. பிரேசில்ல ஃபியட் ஸ்ட்ராடா இதே ஜாதிதான். முன்னால கார், பின்னால இலை ஸ்பிரிங் போட்ட தொட்டி. 2021-ல அந்த நாட்டுலேயே அதிகம் வித்த வண்டி அது.

நம்ம நாட்டுல கதை தலைகீழ். இங்க காரை வெட்டி பிக்கப் பண்ணல, பிக்கப்பை வெச்சு கார் பண்ணினாங்க. 1988-ல வந்த டாடாமொபைல் பிக்கப்தான் பின்னாடி சியரா, எஸ்டேட், சுமோ எல்லாத்துக்கும் அடித்தளம். நேர்மாறா போனது, கிட்டத்தட்ட, சூப்பர் கேரிதான். முதல்ல வந்த அதோட 793 சிசி டீசல் எஞ்சின், செலேரியோ கார்ல இருந்த அதே எஞ்சின். ஆனா கடன் வாங்கினது எஞ்சினை மட்டும்தான். சீட்டு அதே ரெண்டுதான்.

"ஏம்ப்பா, பொலிரோ கேம்பர் இருக்கே?"ன்னு ஒருத்தர் கேட்பார். இருக்கு. அஞ்சு பேரும் உட்காரலாம், ஒரு டன் சரக்கும் ஏத்தலாம். விலை 10 லட்சத்தை ஒட்டி. 2025-ல வந்த ஏஸ் ப்ரோ அறிமுக விலை 3.99 லட்சம். ரெண்டரை மடங்கு வித்தியாசம். இசுசு வி-கிராஸ் 2016-ல வந்தப்பவே 12 லட்சத்துக்கு மேல. அது வீக்எண்டுல மலையேறப் போறவங்க வண்டி, மயிலம் சந்தைக்குப் போறவங்க வண்டி இல்ல.

அப்ப ஒரு சின்ன காரையே வெட்டி, நாலு சீட்டு கதவோட பின்னால தொட்டி வெச்சா தீர்ந்ததா? இல்ல. இங்கதான் ஆசையை ஓரமா வெச்சிட்டு அளவுகோலை எடுக்கணும்.

ஒண்ணு, நீளம். நாலு மீட்டர் காருல எஞ்சினுக்கு ஒரு மீட்டர், ரெண்டு வரிசை சீட்டுக்கு ரெண்டு மீட்டர் போனா, தொட்டிக்கு மிச்சம் ஒரே மீட்டர். ஸ்ட்ராடாவே நாலரை மீட்டர் கிட்ட.

ரெண்டு, எடை. சாதாரண சின்ன கார் தாங்குறது ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 450 கிலோ பக்கம். அஞ்சு பேர் உட்கார்ந்தா 325 போச்சு. மிச்சத்துல ரெண்டாவது நெல் மூட்டைக்கே இழுபறி. பின் ஸ்பிரிங்கை பலப்படுத்தி ஸ்ட்ராடா மாதிரி பண்ணினா, ஆளும் சரக்கும் சேர்த்து 600 கிலோ சொச்சம். அதாவது அஞ்சு பேர், நாலு மூட்டை.

மூணு, முன் சக்கர இழுவை. பின்னால எடை ஏற ஏற முன் சக்கரத்துப் பிடி குறையும். மழை பெய்ஞ்ச களிமண்ணுல வரப்பு மேடு ஏறணும்னா சக்கரம் சுத்தும், வண்டி நிக்கும். குட்டி யானைக்குப் பின் சக்கர இழுவை. எடை ஏறினா அதுக்குப் பிடி கூடும்.

நாலு, உடம்பு. காருக்குத் தனிச் சேஸி கிடையாது, உடம்பேதான் சேஸி. அதுல நம்மாளு இருபது மூட்டை ஏத்தினா, பட்டை போட்டுத் தேத்துற வேலையெல்லாம் நடக்காது. ஒரே சீசன்ல முதுகு வளைஞ்சிடும்.

நாலே மூட்டைக்கு ஒரு வண்டியான்னு சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அறுவடை வருஷத்துல எத்தனை நாள்? ரெண்டு போகத்துக்கும் சேர்த்து பதினஞ்சு நாள் இருக்குமா? மத்த நாள்ல ஒரு சின்ன விவசாயி என்ன ஏத்துறார்? ரெண்டு மூட்டை யூரியா (45 கிலோ மூட்டை). ரிப்பேருக்கு மோட்டார். திண்டிவனம் உழவர் சந்தைக்கு நாலஞ்சு கூடை கத்திரிக்காய். கூடவே வீட்டுக்காரம்மா, களை எடுக்க நாலு பேர், சில நாள் ஆஸ்பத்திரிக்கு அப்பா. இதுல எந்த நடைக்கும் 750 கிலோ தேவையில்ல. எல்லா நடைக்கும் அஞ்சு சீட்டு தேவை. தர்பூசணிக்கு எப்படியும் லாரிதான் வயலுக்கு வரப் போகுது. நெல்லுக்கு ரெண்டு நாள் குட்டி யானையை வாடகைக்குப் பிடிச்சா முடிஞ்சது.

ஆக என் கட்சி இதுதான். காரை அடிப்படையா வெச்ச சின்ன பிக்கப்பை சரக்கு வண்டியா எடை போட்டா அது தோத்துடும், தோக்கணும். குட்டி யானையோட வேலையை அதால செய்ய முடியாது. ஆனா குட்டி யானை செய்யக் கூடாத வேலை ஒண்ணு இருக்கே, ஆள் ஏத்துறது, அதை இதுகிட்ட கொடுக்கலாம். சீட்டு, பெல்ட், தலைக்கு மேல கூரை, இன்சூரன்ஸ் பேப்பர்ல அஞ்சு பேருக்கு இடம். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன காருக்கும் சரக்கு வண்டிக்கும் ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம்தான். வரியைக் காரணம் காட்டவும் இனி முடியாது. சொந்த விளைச்சலை மட்டும் ஏத்துற சின்ன விவசாயி இதை வெள்ளை போர்டுலயே வெச்சுக்கலாம்னு அரசாங்கம் ஒரு தெளிவான விதி போட்டா, பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

எட்டு பேரும் இதுல அடங்க மாட்டாங்கன்னு தெரியும். ரெண்டு நடை அடிக்கணும். மூட்டைக்காக யாரும் ரெண்டு நடை போகல, சரி. ஆளுக்காகவாவது போகலாம்.

அது வர்ற வரைக்கும், நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். கூலி பேசும்போதே ஆள் வர்ற ஷேர் ஆட்டோ காசையும் சேர்த்துப் பேசுங்க. எட்டு பேருக்குப் பிரிச்சுப் பார்த்தா தலைக்கு ஒரு டீ, வடை காசுதான் கூட வரும்.

டிஸ்கி: எந்த வண்டிக் கம்பெனிக்கும் நான் ஏஜென்ட் இல்ல. சொன்ன விலையெல்லாம் ஷோரூம் விலை, ரோட்டுக்கு வரும்போது இன்னும் ஏறும். நம்மகிட்ட இருக்கிறது ஒரு ஸ்ப்ளெண்டர். அதுலயும் சில நாள் ஒரு மூட்டை ஏறும் :-)